துவக்குக் கொம்பனியை வித்திட்டினமாம்

1

சென்ற ஆண்டு இங்கே நோர்வேயில் வேட்டைக்குப் போகிறவர்களிடையே ஒரு கதை உலாவியது. எங்கள் பட்டணத்துத் துப்பாக்கித் தொழிற்சாலையை வெளிநாட்டார் வாங்கப்போகிறார்களாம், அதற்குள்ளேயே தரம் விழுந்துவிட்டதாம், ஒரே நாளில் இருபத்துமூன்று குழல்களைக் கழித்துப் போட்டார்களாம். இந்தக் கதை இணையத்தில் ஏறி, கடல் தாண்டி, இலங்கையில் ஒட்டுசுட்டானில் வயல் செய்கிற என் தம்பி நேசன் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அவன் அதை எனக்கே தொலைபேசியில் எடுத்துச் சொன்னான். நானும் முதன்முதலாகக் கேட்பவள் போல "அப்பிடியோ" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த இருபத்துமூன்றையும் கழித்தது என் கை. கதையைப் பெற்றவள் நான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்கு முதல் நானே எழுதிவிடுவது நல்லது. இந்த வாரம் சரஸ்வதி பூசை மறுபடியும் வந்து போனது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

2

நான் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன் என்றால் ஊரில் இப்போதும் சிலர் நம்புவதில்லை. நம்புகிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். வன்னியில் பிறந்து, பதுங்குகுழிக்குள் கணக்குப் பாடம் படித்து, சத்தம் வந்த திசையை வைத்தே எது எங்கே விழும் என்று சொல்லப் பழகிய ஒருத்தி, கடைசியில் துவக்குச் செய்கிற இடத்திலா போய் நிற்கிறாள் என்று அவர்களுக்கு. எனக்கும் அந்த எண்ணம் வராமலில்லை.

இங்கே வந்து முதலில் பள்ளிக்கூடம் துடைத்தேன். பிறகு மீன் வெட்டினேன். மீன் தொழிற்சாலை மூடப்பட்டபோது வேலை தேடித் தருகிற அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கவனமும் பொறுமையும் உள்ள ஒருவர் அளவெடுக்கிற வேலைக்குத் தேவையாம். எதை அளக்க வேண்டும் என்பதைப் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள். காவல் நிலையத்தில் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். "இதற்கு முன்னர் ஆயுதங்களுடன் தொடர்பு இருந்ததா?" என்று அதில் ஒரு கேள்வி. இல்லை என்று எழுதினேன். அங்கிருந்த பெண் நான் பிறந்த இடத்தை வாசித்துவிட்டு, "ஒரு தொடர்பும் இல்லையா?" என்று திரும்பக் கேட்டாள். "அவை எங்கள் தலைக்கு மேலால் போயின. நாங்கள் கீழே படுத்திருந்தோம்" என்றேன். அவள் 'இல்லை' என்ற இடத்தில் ஒப்பமிட்டாள்.

அம்மாவுக்குச் சொல்ல ஒரு மாதம் எடுத்தது. மான் மரை சுடுகிறவர்கள் வாங்குகிற துவக்கு, இங்கே இலையுதிர்காலத்தில் அரசாங்கமே எண்ணிக்கை சொல்லிச் சுட விடும் என்றெல்லாம் விளக்கினேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆக்களுக்கு ஒண்டும் நடவாமல் பார்த்துச் செய் பிள்ளை" என்றா. அவா சொன்னதுதான் உண்மையில் என் வேலை. ஒரு துப்பாக்கி சுடுகிறவரின் முகத்திலேயே வெடித்துவிடாமல் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வேலையை எளிதாகச் சொல்லலாம். ரவை, அதாவது தோட்டா, போய் உட்காரும் இடம் சரியான ஆழத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ரவை வடிவில் உருக்கு இரும்பால் செய்த இரண்டு அளவுக்கட்டைகள் உண்டு. ஒன்றின் பெயர் 'போகும்', மற்றதின் பெயர் 'போகாது'. முதலாவதைப் போட்டால் குழலின் பின்வாயை அடைக்கும் பூட்டு மூடவேண்டும். இரண்டாவதைப் போட்டால் மூடக்கூடாது. இரண்டும் சரி என்றால் குழலில் என் முத்திரையைக் குத்துவேன். என் எண் பதினேழு. பத்து வருடமாக அந்த எண் நோர்வேக் காடெல்லாம் திரிகிறது. எங்கள் சாதிசனத்தில் வேறு ஒருவருடைய பெயரும் இவ்வளவு தூரம் போனதில்லை.

3

விற்கப்போகிறார்கள் என்ற கதை கோடை விடுமுறை முடிந்து வந்த அன்றே தொடங்கிவிட்டது. சாப்பாட்டு அறையில் ஒரு நாள் அமெரிக்கர் வாங்குகிறார்கள் என்பார்கள். அடுத்த நாள் இத்தாலியர். மரப்பிடியை நிறுத்திவிட்டுப் பிளாஸ்டிக் பிடி போடப்போகிறார்கள், குழலை வேறு நாட்டில் செய்வித்து இங்கே பெயரை மட்டும் பொறிக்கப்போகிறார்கள், அளவெடுக்கிற பகுதியை எடுத்துவிட்டுக் கமரா பூட்டப்போகிறார்கள். கடைசியாகச் சொன்னது என் வயிற்றில் அடிக்கிற கதை.

வதந்தி எனக்குப் புதிதா? சண்டைக்காலத்தில் சவுக்காரம் வருகிறது என்ற கதையை நம்பி வரிசையில் நின்றிருக்கிறோம். பாதை திறக்கிறார்கள் என்ற கதையை நம்பிப் பெட்டி கட்டியிருக்கிறோம். ஆர் சொன்னது, அவர் கண்ணால் கண்டாரா, அந்தக் கதையால் அவருக்கு என்ன லாபம் என்று மூன்று கேள்வி கேட்காமல் எங்கள் வீட்டில் ஒருவரும் ஒரு கதையை ஏற்பதில்லை. இவ்வளவு தேர்ச்சி பெற்ற நான், கமராக் கதையைக் கேட்டதும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஐம்பத்தொரு வயது. மகள் ஆரணி பேர்கன் நகரத்தில் படிக்கிறாள். வீட்டுக் கடனில் பாதி இன்னும் நிற்கிறது. பயம் வந்தால் தேர்ச்சியெல்லாம் எங்கே போகிறதோ தெரியாது.

அந்த நிலையில் சரஸ்வதி பூசை வந்தது. ஊரில் அன்றைக்கு மண்வெட்டியையும் கத்தியையும் கழுவி வைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். நேசன் இப்போது தன் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்கு மாலை போட்டுப் படம் அனுப்புகிறான். நான் ஒவ்வொரு வருடமும் வேலைக்குப் போனவுடன் என் அலுமாரிக்குள் ஒட்டியிருக்கிற சின்னச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் கட்டைகள் இருக்கிற மரப்பெட்டியை வைத்து, பெட்டி மூடியில் ஒரு சந்தனப் பொட்டு வைப்பேன். ஒரு நிமிட வேலை. ஒருவருக்கும் தெரியாது.

சென்ற வருடம் பெட்டிக்கு வைத்தது போதாது என்று பட்டது. பெட்டியைத் திறந்து கட்டையை எடுத்தேன். 'போகாது' கட்டைக்குப் பொட்டு வைக்க மனம் வரவில்லை. பெயரே சரியில்லை. 'போகும்' கட்டைக்கு மட்டும் வைத்தேன். அதில் தலைப்பக்கம் ஒடுங்குகிற இடத்தில் நெற்றி மாதிரி ஒரு சரிவு இருக்கிறது. வேறெங்கே வைப்பது? வேலை போகக்கூடாது தாயே, இது நல்லபடி போகட்டும் என்று கும்பிட்டேன். பிறகு எண்ணெய்த் துணியால் துடைத்தேன். அழுத்தித் துடைக்கவில்லை. பூசையன்றே பொட்டை முழுக்க அழிக்க எங்கள் ஆட்களில் எவருக்குக் கை வரும்? நிறம்தான் கொஞ்சம் மிச்சம் என்று நினைத்தேன்.

4

அன்று காலை முதல் குழலில் பூட்டு மூடவில்லை. இரண்டாவதும் மூடவில்லை. ஐந்தாவதும் மூடவில்லை. விதிப்படி ஒவ்வொன்றாகச் சிவப்பு வண்டியில் அடுக்கினேன். இருபத்துமூன்றாவதோடு எங்கள் பகுதித் தலைவி லிவ் வந்து வேலையை நிறுத்தினாள்.

குழலைக் குடைகிற இயந்திரம் ஆர்னேயின் பொறுப்பு. அறுபத்துமூன்று வயது, அதிகம் பேசாத மனிதன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மற்றவர்கள் என் மொழியைக் கேட்டுச் சிரித்தபோது, நான் சொன்ன ஒவ்வொரு வசனத்தையும் முடியும்வரை காத்திருந்து கேட்டவன் அவன் ஒருவன்தான். ஆழம் குறைவாகக் குடைந்திருக்கிறது, கருவி தேய்ந்துவிட்டது என்று முடிவானது. தொழிற்சாலையை வாங்க வந்தவர்கள் மறுபடி அளந்து பார்க்கிற அறையை அந்த வாரம் பூட்டிவைத்துக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் எவரும் திரும்ப அளக்கவில்லை. இயந்திரத்தை நிறுத்தி ஆர்னேயை வீட்டுக்கு அனுப்பினார்கள். மேலங்கியை மாட்டிக்கொண்டு என் மேசையைக் கடந்து போனபோது, "நல்ல வேளை நீ கண்டுபிடித்தாய்" என்றான்.

பின்னேரத்துக்குள் கதை வேட்டைக்காரரின் இணையத்தளத்தில் ஏறிவிட்டது. விற்கிற கதை வந்ததும் கவனமின்மை தொடங்கிவிட்டது, பழைய ஆட்களை அனுப்புகிறார்கள் என்று எழுதினார்கள். ஒருவர் போன மாதம் வாங்கிய துப்பாக்கியின் பூட்டு இறுக்கமாக இருக்கிறது என்றார். இன்னொருவர் தன்னுடையதும் அப்படித்தான் என்றார். அவையெல்லாம் நான் அளந்து விட்டவை. அவற்றில் ஒரு குறையும் இல்லை.

5

ஞாயிற்றுக்கிழமை நேசன் அழைத்தான்.

"அக்கா, உங்கட துவக்குக் கொம்பனியை வித்திட்டினமாம். மெய்யோ?"

"ஆரடா சொன்னது?"

"ஜேர்மனியில இருக்கிற யோகன் மச்சான் வட்சப்பில போட்டவர். குழலெல்லாம் பிழையாம். ஒரே நாளில இருபத்திமூண்டு கழிச்சவையாம்."

"அப்பிடியோ" என்றேன்.

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "பிள்ளைக்கு வேலை போகுதோ எண்டு கேள்."

"இல்லையம்மா, ஒண்டும் போகேல்லை" என்று நான் இங்கிருந்தே கத்தினேன். நேசனுக்கு என் குரலில் ஏதோ பிடிபட்டிருக்க வேண்டும். என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தான்.

"கொம்பனிக் கதையை விடுங்கோ அக்கா. போன சிறுபோகத்தில யானை கலைக்க எங்களுக்குத் தந்த யானை வெடியில மூண்டு வெடிக்கேல்லை. யானை வயலுக்குள்ள நிக்குது, நான் கொளுத்திறன், புஸ் எண்டிட்டு அணையுது. சனமெல்லாம் வெடிக் கொம்பனியைத்தான் பேசினது. கொம்பனி கைமாறிட்டுது, மருந்தைக் குறைச்சிட்டாங்கள் எண்டு. நானும் சங்கக் கூட்டத்தில எழும்பி நிண்டு நல்லா ஏச்சுக் குடுத்தனான்."

"பிறகு?"

"பிறகென்ன? பக்கத்து வயல்காரருக்கு எல்லாம் நல்லா வெடிச்சிருக்கு. எங்கட பெட்டி மட்டுந்தான் பிழை. பாத்தால், என்ர மனிசி அதைக் கொண்டுபோய்க் குசினியில இடியப்பம் அவிக்கிற அடுப்புக்கு மேல் தட்டில வைச்சிருக்கிறாள். பிள்ளையளின்ர கைக்கு எட்டக்கூடாதாம். நாளாந்தம் ஆவி பட்டு மருந்து நனைஞ்சுபோச்சு."

"அடுப்புக்கு மேலயோ? விசரரே, வீட்டையெல்லே கிளப்பப் பாத்தியள்."

"ஓம் அக்கா, அதுதான் நானும் சொன்னனான். பிழை கொம்பனியில இல்லை, எங்கட குசினியில."

அவன் சிரித்துக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கட பெட்டி மட்டுந்தான் பிழை என்று அவன் சொன்ன இடத்திலேயே என் மனம் நின்றுவிட்டது. அந்தச் சரிவும், அதில் நான் வைத்த பொட்டும் கண்ணுக்கு முன்னால் வந்தன. தொலைபேசியை எப்படி வைத்தேன் என்று ஞாபகமில்லை.

6

திங்கட்கிழமை ஒருவரும் வருவதற்கு முதல் போய்ப் பெட்டியைத் திறந்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே தெரிந்தது. சரிவின் பாதிக்கு, காய்ந்து இறுகிய மெல்லிய மஞ்சள் படை. நகத்தால் சுரண்டினால் மணத்தது. என் வேலையில் தலைமயிர் அளவு என்பது பெரிய அளவு. இந்தச் சந்தனம் அதில் பாதி இருக்கும். பூட்டை மூடவிடாமல் தடுக்க அது போதும்.

கட்டையைச் மதுசாரத் திரவத்தால் துடைத்துவிட்டுச் சிவப்பு வண்டியிலிருந்து ஒரு குழலை எடுத்தேன். பூட்டு வெண்ணெய் மாதிரி மூடியது. அடுத்ததும் மூடியது. ஆர்னேயின் வேலையில் ஒரு பிசகும் இல்லை.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். கட்டை இப்போது சுத்தம். ஒருவரும் காணவில்லை. குழல்களைத் திரும்ப அளந்தால் சரியாக வரும். ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று சொல்லிக் கதையை முடித்துவிடலாம். கமரா பூட்டலாமா என்று யோசிக்கிறவர்கள் பக்கத்து அறையில் இருக்கிறபோது, அளவெடுக்கிறவள் கட்டைக்குப் பொட்டு வைத்தாள் என்று சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? வெளிநாட்டுக்காரி, விபூதிக்காரி என்று சிரிப்பார்கள். சிரித்தாலும் பரவாயில்லை, முத்திரையை வாங்கிவிடுவார்கள். ஆனால் நல்ல வேளை நீ கண்டுபிடித்தாய் என்று சொல்லிவிட்டுப் போன மனிதன் வீட்டில் இருக்கிறான்.

லிவ் வந்தவுடன் மேலங்கியைக் கழற்றக்கூட விடாமல் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. "பிசகு அறிக்கை எழுது. நாளைக்கு வேண்டும்" என்றாள். இந்த நாட்டில் வானம் இடிந்து விழுந்தாலும் அதற்கு ஒரு படிவம் இருக்கும்.

படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில் நான்கு கட்டங்கள். இயந்திரம், மூலப்பொருள், பயிற்சிக் குறைவு, வேறு. 'வேறு' என்றால் விளக்க வேண்டும். அன்று மாலை ஆரணியை அழைத்தேன். அவள் என் வேலையைப் பற்றித் தன் சினேகிதரிடம் பேசுவதில்லை. அம்மா உலோகத் தொழிற்சாலையில் என்று மட்டும் சொல்லுவாள் என்பது எனக்குத் தெரியும். பூசை என்றாலும் அவளுக்கு அலுப்பு. நான் தமிழில் கேட்டால் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்லுகிற பிள்ளை. முழுக்கதையையும் சொன்னேன்.

"துவக்குக்கா அம்மா பொட்டு வைச்சனீங்கள்?" என்று தமிழில் கேட்டாள்.

"துவக்குக்கு இல்லை. அளவுக்கட்டைக்கு."

"ஏன்?"

"அதுதான் எங்களுக்குச் சோறு போடுது. பிழையான துவக்கு ஒண்டும் வெளியில போகாமல் பாக்கிறதும் அதுதான். வருசத்தில ஒரு நாள் அதுக்கு நன்றி சொல்லக் கூடாதோ?"

"அப்ப நீங்கள் துவக்குச் செய்யிற ஆள் இல்லையம்மா. மறிக்கிற ஆள்" என்றாள். பத்து வருடமாக எனக்கு அப்படிச் சொல்லத் தெரியவில்லை. பிறகு இரண்டு பேரும் இரண்டு மணித்தியாலம் இருந்து அந்த ஒரு கட்டத்தை நிரப்பினோம். சந்தனம் எப்படி அரைப்பது, ஏன் காய்ந்தால் இறுகும், ஏன் அன்றைக்கே அழிப்பதில்லை என்று அவள் கேட்டுக் கேட்டு எழுதினாள். கடைசி வசனத்தை நான் சொன்னேன், அவள் மொழிபெயர்த்தாள்: "குழல்களில் பிழை இல்லை. ஆர்னேயில் பிழை இல்லை. பிழை பதினேழாம் இலக்கத்தில்."

7

அறிக்கை கொடுத்த அன்று பின்னேரம் ஆர்னே வீட்டுக்குப் போனேன். உழுந்து வடை சுட்டுக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்க வெறுங்கையோடு போக எனக்குத் தெரியாது. வாசலிலேயே நின்று சொன்னேன். வழக்கம்போல வசனம் முடியும்வரை காத்திருந்தான்.

"இயந்திரத்தைக் குறை சொன்னால் எனக்குக் கவலை இல்லை" என்றான். "இத்தனை நாளாக என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். வயதாகிவிட்டது, இனி வேண்டாம் என்று கடிதம்கூட எழுதி வைத்தேன்."

மேசையில் கடிதம் கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் கடிதத்தை நான்காக மடித்து அடுப்புக்குள் போட்டுவிட்டு, வடை ஒன்றை எடுத்துக் கடித்து, நடுவில் ஏன் ஓட்டை என்று கேட்டான்.

வாங்க வந்தவர்களில் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். அறிக்கை அவர் முன்னால் இருந்தது. "இதை யாராவது கண்டுபிடித்தார்களா, நீங்களே சொன்னீர்களா?" என்று கேட்டார். நானே என்றேன். அவர் ஏதோ எழுதினார். என் வேலை அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. வேலை போகவில்லை. தை மாதம் தொழிற்சாலை உண்மையாகவே கைமாறியது. மேலங்கியில் அடையாளம் மாறியது, கோப்பி மாறியது, முந்தியதை விட மோசம். கமராவும் வந்தது, ஆனால் அது குழலின் உட்பக்கத்தைப் பார்க்கிறது. அளவு இப்போதும் கையால்தான், முத்திரையும் கையால்தான். சுவரில் மட்டும் ஒரு புது விதி தொங்குகிறது: தினமும் காலையில் கட்டைகளைத் துடைத்துச் சோதிக்கவும், எண்ணெய், தூசு, சந்தனம் இருக்கக்கூடாது. வருகிற விருந்தாளிகள் கடைசிச் சொல்லை இரண்டு தரம் வாசிக்கிறார்கள்.

இணையத்தில் இப்போது விற்பனைக்கு முந்திய துப்பாக்கிகள்தான் திறம் என்று எழுதுகிறார்கள். அதே ஆர்னே குடைகிறான், அதே நான் அளக்கிறேன். வாசித்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் அந்த மோசமான கோப்பியைக் குடிக்கிறோம்.

8

இந்த வருடம் பூசையன்று கட்டைக்குப் பொட்டு வைப்பதில்லை என்று தீர்மானித்திருந்தேன். படத்துக்குச் சந்தனம் வைத்துக் கும்பிட்டால் போதும். காலை போய் அலுமாரியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன மரப்பெட்டி. பெட்டிக்குள் ஓர் அளவுக்கட்டை, தேய்ந்து கழிவுக்குப் போன பழைய 'போகும்' கட்டை. தொழிற்சாலையின் முறைப்படி அச்சடித்த தாள் ஒட்டியிருந்தது: "இலக்கம் 17. பூசைக்கு மட்டும். அளவெடுக்கப் பயன்படுத்தக்கூடாது." கீழே லிவ் ஒப்பமிட்டுத் திகதி போட்டிருந்தாள்.

நான் திரும்பிப் பார்த்தபோது அவள் சந்தனத்தைப் பார்க்க வந்து நின்றாள். பின்னால் ஆர்னே. தன் இயந்திரத்துக்கும் வைக்கலாமா என்று கேட்டான். லிவ் இயந்திரத்தைச் சுற்றி வந்து, எதையும் அளக்காத, எதையும் தொடாத ஓர் இடத்தைக் கதவின் வெளிப்பக்கத்தில் காட்டினாள். அங்கே வைத்தேன். பிறகு ஆர்னே தன் நெற்றியையும் நீட்டினான். லிவ்வும் நீட்டினாள். அதற்குள் பக்கத்துப் பகுதிக்காரர் நாலு பேர் வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள், என்னவென்று தெரியாமலே.

நெற்றியில் பொட்டோடு நிற்கிற எல்லாரையும் படம் எடுத்து ஆரணிக்கு அனுப்பினேன். அவள் அதைத் தன் சினேகிதருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாள், அம்மா வேலை செய்கிற இடம் என்று. நேசனுக்கும் அனுப்பினேன். மாலை போட்ட லாண்ட்மாஸ்டரின் படத்தோடு அவனிடமிருந்து பதில் வந்தது.

"அக்கா, உங்கட கொம்பனியை ஆரோ வாங்கிட்டினம் எண்டு யோகன் மச்சான் சொன்னவர். நீங்கள்தான் வாங்கினியள் எண்டு அவர் சொல்லேல்லையே."